படிவத்தில் எடைக்கு எதற்கு ஒரு கட்டம்? வேலைவாய்ப்பு முகாம் நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

"ஆள் எடுப்பதும் எடுக்காததும் கம்பெனிக்காரர்கள் இஷ்டம். அதில் நாங்கள் தலையிட முடியாது."

எங்கள் மாவட்டத்தில் நடந்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைப் பற்றி நான் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் இவ்வளவுதான். அதுவும் வாய்மொழியாக. எழுத்தில் கேட்டதற்கு, இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். சரி, நான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். இது எங்கள் ஒரு மாவட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

ஒரு சிறுநகரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள், எம்.எஸ். ஆபீஸ், தட்டச்சு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பிளஸ் டூவோடு நின்றவர்கள், டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் "இனி நானும் ஏதாவது செய்யலாமா மிஸ்" என்று வருகிறவர்கள். முகாம் அறிவிப்பு வந்தால் எல்லோரையும் கிளப்பி அனுப்புவது நான்தான். இதற்கு முன்னால் பல வருடம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றவள். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த மாணவி பி.காம். முடித்தவள். தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர். டேலியில் ஜி.எஸ்.டி. பதிவு வரை தனியாகப் போடுவாள். நகையும் ஜவுளியும் விற்கிற ஒரு நிறுவனம் பில்லிங்குக்கும் விற்பனைக்கும் ஆள் எடுப்பதாகப் பட்டியலில் இருந்தது. நுழைவாயிலில் கொடுத்த பதிவுப் படிவத்திலேயே, பெயர், கல்வித் தகுதி, முன் அனுபவம் இவற்றோடு "உயரம் / எடை" என்று ஒரு கட்டம். கவனியுங்கள், இது கம்பெனிக்காரர் கொண்டுவந்த படிவம் இல்லை, முகாமின் படிவம். கம்பெனிக்காரர் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வரிசையில் நின்றாள்.

அந்த நிறுவனத்தின் மேசைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு எடை மெஷின் இருந்தது. வீட்டில் வைத்திருப்பார்களே, கண்ணாடி போட்ட டிஜிட்டல் மெஷின், அது. "கட்டம் காலியா இருக்கேம்மா, ஏறு" என்றார் உட்கார்ந்திருந்த இளைஞர். ஏறினாள். அவர் எண்ணைச் சத்தமாகப் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். ஃபைலை அவர் திறக்கவே இல்லை. "ஃப்ளோருக்கு வேண்டாம், பில்லிங்கும் முன்னாடிதான் இருக்கும். பேக் ஆபீஸ் வேக்கன்சி வந்தா கூப்பிடறோம்." அடுத்து நின்ற பையனுக்குச் சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அவனை மெஷினில் ஏற்றவில்லை. ஃப்ளோர் சூப்பர்வைசர் வேலைக்கு அன்றே பெயரை எழுதிக்கொண்டார்கள். அந்தப் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவனுக்கு வேலை கிடைத்தது நல்லதுதான். ஒரே மேசையில் இரண்டு அளவுகோல் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் அட்டை மாட்டிய பணியாளர் ஒருவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன். முகத்தைப் பார்க்காமல், "மேடம், பர்சனாலிட்டி பார்ப்பாங்க இல்லையா" என்றார்.

இனி, தலையிட முடியாது என்ற பதிலுக்கு வருகிறேன்.

முகாம் நடந்த இடம் அரசுக் கல்லூரி. மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் அரசுப் பணத்தில் வந்தவை. நாளிதழ்ச் செய்திக்குறிப்பை அனுப்பியது நீங்கள். நிறுவனங்கள் உங்களிடம் பதிவு செய்துதான் உள்ளே வருகின்றன. வேலை தேடுகிறவரிடம் யாரும் பணம் கேட்கக் கூடாது என்று வாசலில் பேனர் கட்டியிருந்தீர்கள், மிக நல்ல காரியம். முன்பணம் கேட்ட ஒரு ஏஜென்சியை முந்தைய முகாமில் எழுப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அது தலையீடு இல்லாமல் வேறு என்ன? தலையிட உங்களுக்கு வழி இருக்கிறது. எதிலெல்லாம் தலையிட வேண்டும் என்ற பட்டியலில்தான் எடை இன்னும் சேரவில்லை.

அரசு கேள்வி கேட்டதே இல்லையா என்றால், கேட்டிருக்கிறது. 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டதும், மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. யாரை எடுப்பது என்பது முழுக்கக் கம்பெனியின் இஷ்டம் என்றால், அந்த அறிக்கை எதற்கு?

"இது ஒரு பெண்ணுக்கு நடந்தது, இதைப் போய்ப் பெரிதாக்குகிறீர்களே" என்று நினைக்கலாம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றை, 2019 முதல் 2021 வரை எடுத்ததை, உங்கள் அலுவலகத்திலேயே யாராவது எடுத்துத் தருவார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் 40.4 சதவீதம். அதற்கு முந்தைய சுற்றில் இது 30.9. ஆண்கள் 37 சதவீதம். அகில இந்தியப் பெண்களின் சராசரி 24 சதவீதம். அதாவது வேலைக்குப் போகிற வயதில் இருக்கும் நம் பெண்களில் பத்தில் நான்கு பேரை அந்த மெஷின் ஃபைலைத் திறக்காமலே திருப்பி அனுப்பலாம். இன்னொரு பக்கமும் உண்டு. ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் குறைந்தபட்ச எடை என்று ஒன்று சொல்லி ஒல்லியான பிள்ளைகளைக் கழிக்கிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் அப்படித் திரும்பி வந்து, அடுத்த முறை தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனாள். சிரிப்பாக இருக்கலாம். அவளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

ஜவுளிக்கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு அதிகம் கிடைக்கிற வேலை அதுதான்.

நான் சேர்ந்தபோது ஒல்லி. பட்டுப் பிரிவில் போட்டார்கள். பட்டுப் பிரிவு என்றால் சம்பளத்துக்கு மேல் இன்சென்டிவ் வரும், விற்கிற புடவைக்கு இத்தனை என்று. ஆடி, தீபாவளி, முகூர்த்த மாதங்களில் அந்தத் தொகைதான் வீட்டு வாடகை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டது. தைராய்டும் சேர்ந்துகொண்டது. திரும்பி வேலைக்கு வந்தபோது யாரும் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. சில வாரம் பட்டுப் பிரிவிலேயே நின்றேன். அப்புறம், "கொஞ்ச நாள் மேல குடோன்ல டேக் போடுங்கக்கா" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. சம்பளச் சீட்டில் அடிப்படைத் தொகை குறையவில்லை, இன்சென்டிவ் என்ற வரி மட்டும் காணாமல் போனது. கேட்டால், "யூனிஃபார்ம் உங்க சைஸ்ல இல்லையே" என்பார் சூப்பர்வைசர். மூன்று மாடி நிறையத் துணியும், பின்கட்டில் நாலு தையல் மெஷினும் வைத்திருக்கிற கடை.

எடைக்கும் வருமானத்துக்கும் உள்ள உறவு இப்படித்தான் வேலை செய்கிறது. முகத்துக்கு நேரே மறுப்பது ஒரு பகுதி. வாடிக்கையாளர் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்துவது இன்னொரு பகுதி, அது கணக்கிலேயே வராது. ஜான் காலி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையினப் பெண்களிடையே சுமார் 30 கிலோ எடை வித்தியாசத்துக்கு ஊதியம் 9 சதவீதம் குறைகிறது என்று கண்டார். அது ஏறக்குறைய ஒன்றரை வருடப் படிப்பின் மதிப்பு, அல்லது மூன்று வருட அனுபவத்தின் மதிப்பு. ஊர் வேறு, இனம் வேறு, அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் குடோனுக்குப் போனவளுக்கு அந்தக் கணக்கு புரியும்.

சுவீடனில் செய்த சோதனை நம் முகாமுக்கு இன்னும் நெருக்கமானது. டான் ஓலோஃப் ரூத் என்பவர் செய்தது, 2009இல் வெளிவந்தது. விண்ணப்பங்களில் படிப்பு, அனுபவம் எல்லாம் ஒரே தரம். படம் மட்டும் வேறு. அதே முகத்தைக் கணினியில் குண்டாக மாற்றி ஒட்டி, உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார். குண்டாகத் தெரிந்த படத்துக்கு நேர்காணல் அழைப்பு ஆண்களுக்கு 6 சதவீதப் புள்ளிகளும் பெண்களுக்கு 8 சதவீதப் புள்ளிகளும் குறைந்தது. யாரும் யாரையும் நேரில் பார்க்கவில்லை, வேலை செய்யச் சொல்லியும் பார்க்கவில்லை. படம் மட்டும்தான். உங்கள் முகாமுக்கு "முழு உருவப் புகைப்படம் கொண்டு வரவும்" என்று ஒரு நிறுவனம் கேட்டு, நீங்களும் அதை அறிவிப்பில் அச்சடித்திருந்தீர்களே, பில்லிங் கம்ப்யூட்டரில் உட்காருகிறவளின் முழு உருவம் எதற்கு?

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் பதில்கள் எனக்கு அத்துப்படி. ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

நாள் முழுக்க நிற்க வேண்டும், குண்டாக இருந்தால் முடியாது என்பது முதல் பதில். நாள் முழுக்க நிற்க யாராலும் முடியாது. அதனால்தான் தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே தீர வேண்டும் என்று கொண்டுவந்தது. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. நான் நின்ற காலத்தில் சட்டம் இல்லை, ரேக்கில் சாய்ந்தாலே அபராதம். என்னோடு நின்ற ஒல்லிப் பெண்கள் எல்லோருக்கும் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு, ராத்திரிச் சாப்பாடு கடை மூடிய பிறகு பத்தரைக்கு, நடுவில் டீயும் பன்னும். விடுதி மெஸ்ஸில் மூன்று வேளையும் அரிசி. இப்படிச் சில வருடம் வேலை வாங்கினால் எந்த உடம்பும் மாறும். வேலை ஏற்றிய எடையைக் காட்டி வேலையை மறுக்கிறார்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவச் செலவு யார் தருவது என்பது இரண்டாவது. கணக்குப் பாடம் நடத்துகிறவள் என்பதால் இதற்குக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. 2019 ஜூலையிலிருந்து முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு, கிலோவை வைத்து இல்லை. நாற்பது கிலோ பெண்ணுக்கும் தொண்ணூறு கிலோ பெண்ணுக்கும் ஒரே சலான். உங்கள் முகாமில் வந்த கடை வேலைகளில் பெரும்பாலானவற்றின் சம்பளம் இந்த வரம்புக்குள்தான் இருந்தது.

ரேக்குக்கு நடுவே இடம் குறுகல் என்று ஒருவர் சொன்னார். அதே சந்தில் வாடிக்கையாளர்கள் இரண்டு கையிலும் பையோடு போய் வருகிறார்கள்.

கடைசியாகச் சொல்வது, வாடிக்கையாளர் விரும்ப மாட்டார்கள் என்பது. இதைத்தான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்குப் போர்த்திய துணி. பட்டுப் பிரிவில் உடம்பு போட்ட பிறகு சில வாரம் நின்றேன் அல்லவா, அப்போது பார்த்தது இது. கல்யாண வீட்டுக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். மணப்பெண் ஒல்லியாக இருக்கலாம், அவளோடு வரும் அம்மா, அத்தை, பெரியம்மா யாரும் ஒல்லி இல்லை. ஒல்லியான பெண் தோளில் போட்டுக் காட்டினால் "உனக்கு எதைக் கட்டினாலும் நல்லா இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். என் தோளில் போட்டால், "இந்த பார்டர் இடுப்புல அகலமா தெரியுமா? கலர் எடுக்குதா?" என்று கேட்டு உட்கார்ந்து வாங்குவார்கள். ரெடிமேட் பிரிவில் த்ரீ எக்ஸ்.எல். குர்தி வரை தொங்குகிறது. அதை அணிகிறவள் பணம் கட்டுகிற பக்கத்தில் நிற்கலாம், பில் போடுகிற பக்கத்தில் நிற்கக் கூடாது என்றால் என்ன நியாயம்? ஒரு பேச்சுக்கு, வாடிக்கையாளர் விரும்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கறுப்பாக இருப்பவர் பரிமாறினால் விரும்பவில்லை, இன்ன தெருக்காரர் கையால் வாங்க விருப்பமில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் அதையும் படிவத்தில் கட்டமாகப் போடுவீர்களா?

விமானப் பணிப்பெண்களின் கதையை உங்கள் அலுவலகத்தில் ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார், "அங்கேயே எடை பார்க்கிறார்கள், கோர்ட்டே சரி என்று சொல்லிவிட்டது" என்று. உண்மைதான். 2008இல் தில்லி உயர் நீதிமன்றம், எடை கூடிய பணிப்பெண்களைப் பறக்க விடாமல் நிறுத்திய இந்தியன் ஏர்லைன்ஸின் முடிவை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஏர் இந்தியா சில பணிப்பெண்களை வேலையை விட்டே நீக்கியது. ஆனால் அந்தக் கதையின் அடுத்த பக்கத்தையும் பாருங்கள். 2014இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமானப் பணியாளர்களுக்கு வைத்த உடல் நிறை குறியீட்டு (பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு) வரம்பில் ஆணுக்கு 18 முதல் 25 வரை சரியான அளவு, பெண்ணுக்கு 18 முதல் 22 வரைதான். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து பயணிகளை இறக்குவது இருவருக்கும் ஒரே வேலை. 24 உள்ள ஆணால் முடிவது 24 உள்ள பெண்ணால் ஏன் முடியாது? பாதுகாப்பு என்று பெயர் வைத்தாலும் உள்ளே இருந்தது யார் எப்படித் தெரிய வேண்டும் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் குறியீடே ஒருவரின் வேலைத் திறனை அளக்கப் பிறந்ததில்லை. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற கணித, வானியல் அறிஞர் மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதனைத் தேடிப் போட்ட கணக்கு அது. முகாமில் அந்த இளைஞர் கைப்பேசியில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது அதைத்தான்.

உடம்பு வலு உண்மையிலேயே தேவைப்படும் வேலைகள் உண்டு, மறுக்கவில்லை. அங்கே எப்படித் தேர்வு செய்வது என்பதற்கு வெளியே தேட வேண்டாம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் பெண் காவலருக்கு உயரம் அளக்கிறார்கள், ஓட விடுகிறார்கள், தாண்ட விடுகிறார்கள், பந்தோ குண்டோ எறியச் சொல்கிறார்கள். ஓடினால் உள்ளே, ஓடாவிட்டால் வெளியே. எல்லோர் முன்னாலும் நடக்கிறது, அளவு முன்கூட்டியே அறிவிப்பில் இருக்கிறது. திருடனைத் துரத்துகிற வேலைக்கே செய்துகாட்டு என்கிறார்கள். பில் போடுகிற வேலைக்கு மெஷினில் ஏறு என்கிறார்கள். என் மாணவியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து இருபது உருப்படிக்கு ஒரு பில் போடச் சொல்லியிருந்தால், அந்த வரிசையில் நின்ற யாரையும் விட வேகமாகப் போட்டிருப்பாள்.

சட்டம் இல்லாதபோது நாங்கள் என்ன செய்ய முடியும் என்பீர்கள். சரிதான், நம் நாட்டில் எடை பார்த்து மறுப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் இல்லை. அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் போன்றவற்றைச் சொல்கிறது, எடையைச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் உடல் பருமன் இல்லை. ஆனால் தனியார் முதலாளியின் இஷ்டத்துக்கு நம் சட்டம் எல்லை கட்டியதே இல்லை என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக வேலை மறுக்கக் கூடாது என்று 2017இல் சட்டம் வந்தது, திருநர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2019இல் வந்தது. இரண்டும் தனியாருக்கும் பொருந்தும். வெளிநாட்டில் எடைக்கே சட்டம் போட்ட இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976லேயே போட்டது. நியூயார்க் நகரத்தில் 2023 நவம்பர் 22 முதல் உயரத்தையும் எடையையும் காரணமாகக் காட்டி வேலை மறுப்பது சட்டவிரோதம். வேலையின் அடிப்படைத் தேவைக்கு எடை உண்மையிலேயே தடையாக இருந்தால் விலக்கும் வைத்திருக்கிறார்கள். உலகம் இடிந்து விழவில்லை, கடைகள் திறந்துதான் இருக்கின்றன.

சட்டம் வரும்போது வரட்டும். படிவத்தில் ஒரு கட்டத்தை அழிக்கச் சட்டம் தேவையில்லை, ரப்பர் போதும்.

அந்த மாணவி இப்போது என்ன செய்கிறாள் என்று சொல்கிறேன், மனுவில் இதை எழுதவில்லை. முகாமிலிருந்து வந்த பிறகு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். எடை குறைக்கும் பவுடர் என்று தெருக்கோடியில் ஒரு வீட்டு மாடியில் விற்கிறார்கள். ஒரு மாதத்துக்கு அவள் கொடுக்கிற பணம், என் மையத்தில் டேலி படிக்க அவள் கட்டிய மொத்தக் கட்டணத்தைவிட அதிகம். அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. "முதலில் உடம்பைக் குறைத்துவிட்டு அப்புறம் வேலை தேடுகிறேன் மிஸ்" என்கிறாள். அடுத்து வந்த ஒரு வங்கி முகவர் வேலையின் நேர்காணலுக்கும் போகவில்லை. ஒரு மேசையில் ஒருவர் சொன்ன எண், அவள் மற்ற மேசைகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டது. உங்கள் முகாம் அறிக்கையில் அவள் "கலந்துகொண்டவர்கள்" எண்ணிக்கையில் இருப்பாள். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எனக்கே சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. அது அவளுக்கும் மருத்துவருக்கும் உள்ள பேச்சு. வேலைக்கு நுழைவுச் சீட்டாக அதை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

நான் கேட்பவை இவை.

அடுத்த முகாமுக்கான பதிவுப் படிவத்திலிருந்து உயரம், எடை என்ற கட்டத்தை நீக்குங்கள். நிறுவனங்கள் தரும் பணியிட விவரத்தில் எடை, நிறம், "நல்ல தோற்றம்", முழு உருவப் படம் என்று எது வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். இணையத்தில் ஏற்றும் பணியிடங்களுக்கும் இதே விதி இருக்கட்டும். உடல் திறன் தேவைப்படும் வேலை என்று ஒரு நிறுவனம் சொன்னால், என்ன வேலை, எவ்வளவு தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அதைச் செய்துகாட்டச் சொல்லித் தேர்வு வைக்கட்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தேர்வு. முகாம் வளாகத்துக்குள் எடை மெஷின் வரக் கூடாது. இதைப் பேனரில் எழுதுங்கள், பணம் கேட்கக் கூடாது என்ற வரிக்குக் கீழேயே இடம் இருக்கிறது.

மறுக்கப்பட்டவருக்கு ஒரு வரியில் காரணம் எழுதிய சீட்டு தர வேண்டும் என்பதை நிறுவனங்களின் பதிவு நிபந்தனையில் சேருங்கள். அந்தச் சீட்டுகளைத் தொகுத்து, எத்தனை பேர் எந்தக் காரணத்துக்காகத் திரும்பினார்கள் என்பதையும் பணி நியமன எண்ணிக்கையோடு வெளியிடுங்கள். புகார் வாங்க அன்றைக்கு வளாகத்திலேயே ஒரு மேசை போடுங்கள், அதில் ஒரு பெண் அலுவலர் இருக்கட்டும். நிபந்தனையை மீறிய நிறுவனத்தை அடுத்த முகாமுக்கு அழைக்காதீர்கள். நல்ல நிறுவனங்கள் இதற்கு எதிர்ப்புச் சொல்லாது என்றே நம்புகிறேன். என் மாணவிகளை எடை பார்க்காமல் எடுத்து, வருடக்கணக்கில் வைத்திருக்கும் கடைகளும் எங்கள் ஊரில் இருக்கின்றன.

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கைக்கு 2021இல் ஒரு பிரிவு சேர்த்ததுபோல, வேலைக்கு எடுக்கும்போதும் பிரிவு மாற்றும்போதும் எடையைக் காரணம் காட்டக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்க்கும்படி உங்கள் தரப்பிலிருந்து அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள். பிரிவு மாற்றுவதையும் சேர்த்தே எழுத வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரையும் எடுத்துக் குடோனில் போட்டுவிடுவார்கள்.

என் மாணவியின் முகாம் பதிவு எண் மனுவில் இருக்கிறது. அந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, பில்லிங் வேலைக்கு அவளைச் செய்முறைத் தேர்வுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒரு கம்ப்யூட்டரும் பத்து நிமிடமும் போதும். அவள் தேறாவிட்டால் வேலை தர வேண்டாம்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்சி மையம் நடத்தும் ஒரு முன்னாள் ஜவுளிக்கடை விற்பனையாளர்